ஓலையைப் பிரிக்க அரை நாள்

இந்த மாதத்தோடு நான் விடுப்புப் பிரிவை விட்டுப் போகிறேன். என் மேசையில் இனி உட்காரப்போகும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் பென்ஷன் வாங்கியவர் மாதிரி அனுபவம் பேச வந்துவிட்டான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது எனக்கு இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அப்புறம் ஒருநாள் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது தேடி எடுத்துப் படித்திருப்பேன்.

யாருக்கு எத்தனை நாள், எதற்குச் சம்பளம் உண்டு, எதற்கு இல்லை என்பதெல்லாம் அலமாரியில் இருக்கும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் வேலை முழுக்க அந்தக் கட்டத்துக்குள்தான் நடக்கிறது.

காலையில் ஜன்னலைத் திறந்தால் கடிதங்கள் வரும். காய்ச்சல், பல்வலி என்று வருபவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் காதுகுத்து, மொட்டை, பரிசம், பந்தக்கால், வளைகாப்பு, சீமந்தம், பால், காரியம், பதினாறு, திவசம் என்றுதான் வரும். நம் வார்ப்படத் தொழிற்சாலையில் பாதிப் பேர் பாடி, கொரட்டூர், பூந்தமல்லிப் பக்கத்து ஆட்கள். அப்பா வயலில் இறங்கியவராக இருப்பார், மகன் ஷிஃப்டில் இறங்கியவனாக இருப்பான். மீதிப் பேர் தெற்கிலும் மேற்கிலும் இருந்து வந்து அம்பத்தூரில் வாடகைக்கு இருப்பவர்கள். ஒவ்வொருவரும் துணிமணியோடு தங்கள் ஊர்ச் சடங்குகளுக்கான சொற்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவற்றை ஆங்கிலத்தில் ஒரு வரியாக்கி, டைப் அடித்து, அதிகாரியின் மேசைக்கு அனுப்ப வேண்டியது நாம்.

அப்போதிருந்த அதிகாரி வங்காளத்துக்காரர். நல்ல மனிதர். தமிழில் அவருக்கு ‘வா’, ‘போ’, ‘சாப்பாடு ஆச்சா’ என்ற மூன்றும்தான் தெரியும். மூன்றையும் எல்லோரிடமும் சரியாகப் பயன்படுத்துவார். கடிதத்தை அவரால் படிக்க முடியாது. ஆகவே என் ஒரு வரிதான் அவருக்குக் கடிதம்.

நான் சேர்ந்தது எழுபதில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கொரட்டூர் ஏரி பாய்ந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். நிலமெல்லாம் மனையானதும் பாடியில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். மேசை, நாற்காலி, இங்க் பேனா என்று உட்கார்ந்த எனக்கு ஒரே வெறி, எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று. அகராதி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

காதுகுத்து என்று வந்த கடிதத்துக்கு ‘குழந்தையின் காதில் துளை போடுதல்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்று அதிகாரி கேட்டார். பந்தக்கால் நடுவதை ‘கம்பம் நடுதல்’ என்று எழுதினேன். இவர் நம்மிடம் வேலை செய்கிறாரா, கம்பம் நடும் கம்பெனியிலா என்று கேட்டார். அதுவரை சிரிப்பாகத்தான் போயிற்று. அப்புறம் ஒருவர், தகப்பனார் இறந்து மறுநாள் பால் தெளிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் ‘நாளை பால் ஊற்ற வேண்டும்’ என்று எழுதி அனுப்பினேன். பால் வாங்கி ஊற்ற வீட்டில் வேறு ஆள் இல்லையா என்று கேட்டு அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். நேரில் போய் விளக்கி வாங்கிக் கொடுப்பதற்குள் அந்த மனிதர் துக்கத்தோடு ஒரு மணி நேரம் நம் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

அன்றைக்குச் சொல்லுக்குச் சொல் எழுதுவதை விட்டேன். இனி இரண்டே வார்த்தை என்று முடிவு செய்தேன். நல்லது எல்லாம் ‘ஃபங்ஷன்’. கெட்டது எல்லாம் ‘டெத் செரிமனி’. அதிகாரிக்கும் பிடித்துவிட்டது. கேள்வியே இல்லை. சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று கொஞ்ச காலம் சந்தோஷமாகவே இருந்தேன். நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு சுலப வழி கண்டுபிடிப்பீர்கள். அப்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய மாதம். கன்னியப்பன் ஒரு கடிதம் கொடுத்தார். அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், உலையில் இருப்பவர். அவர் கண் பார்வையில் இரும்பு உருகும் பதம் பிடிபட்டால்தான் ஊற்றுவார்கள். வேறு யார் பார்த்துச் சொன்னாலும் ஃபோர்மேன் நம்ப மாட்டார். கடிதம் இவ்வளவுதான்: ‘என் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. நான் தாய்மாமன். வெள்ளிக்கிழமை லீவு வேண்டும்.’

நம் பக்கத்தில் ‘சடங்கு’ என்று மொட்டையாகச் சொன்னால் அது ஒன்றுதான், பெரியவளான பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கு. அச்சடித்த பத்திரிகையில் ‘பூப்புனித நீராட்டு விழா’ என்று இருக்கும். வீட்டில் ‘மஞ்சத்தண்ணி’ என்பார்கள். எனக்குத் தெரியாததா? என் இரண்டு தங்கைகளுக்கும் எங்கள் வீட்டில்தான் நடந்தது. ஆனால் இதை ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்து மேசையில் இருக்கும் டைப்பிஸ்ட் அக்காவிடம் எப்படி நீட்டுவது? அவர் பெண். அதிகாரியோ படித்தவர். வயசுக்கு வந்தது, ஓலை கட்டியது, மூலையில் உட்கார வைத்தது என்று எழுதினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? எனக்குக் காது சூடாகிவிட்டது. ‘ஃபேமிலி ஃபங்ஷன்’ என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் ‘தங்கையின் மகள்’ என்று போட்டேன். தாய்மாமன் என்ற சொல்லை விட்டுவிட்டேன். தங்கை மகள் என்றாலே தாய்மாமன்தானே, எதற்கு இரண்டு தரம் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, உருக்கிய இரும்பை அச்சில் வார்க்கும் பெரிய ஊற்று வைத்திருந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் தாள் திரும்பி வந்தது. கன்னியப்பன் பெயருக்கு எதிரே சிவப்பு மை.

கன்னியப்பன் ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் கரி, தோளில் துண்டு.

“இன்னா நைனா, நம்ம பேராண்ட செகப்பா கீது?”

வெள்ளிக்கிழமை ஊற்று இருக்கிறது, அதனால் அனுமதி இல்லை என்றேன்.

“ஊத்து இருக்கறது எனக்குத் தெரியாதா? அத்த ஊத்தப் போறவனே நான்தான். நீ மேல இன்னா எய்தி அன்ச்ச?”

எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

“பங்சனா? போன மாசம் கேன்டீன்ல மிச்சரும் பூந்தியும் குட்த்தாங்களே, அதுக்கும் பங்சன்னுதான போர்டுல போட்டுருந்துச்சு?”

ஆமாம் என்றேன்.

“அப்ப அவுரு குடுக்காதது கரீட்டுதான்” என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “என் தங்கச்சிக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். ஓலைய நான் கட்டி உள்ள உக்கார வச்சிட்டு வந்தேன். நான் போய்ப் பிரிச்சாதான் புள்ள வெளிய வரும். நான் போவலன்னு வச்சிக்க, அவ நாத்தனா ஒருத்தி கீறா. எப்படா சான்ஸ் கெடைக்கும்னு ஒரு பொடவைய வாங்கி மடிச்சி வச்சிகினு கீறா. அவ கட்டி இட்டுகினு வந்துட்டான்னா அப்பறம் எனக்கு அந்த ஊட்ல இன்னா முறை? நாளிக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா என்னய யாரு கூப்புடுவான்?”

சொல்லிவிட்டு உலைப் பக்கம் போய்விட்டார். மணி ஐந்து. அதிகாரி கிளம்ப இன்னும் அரை மணி நேரம்.

நண்பர்களே, கையெழுத்தான தாளை மறுபடி எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது என்பது இந்த ஆபீசில் எழுதாத விதி. போனால் நம் தப்பை நாமே சொன்னதாக ஆகும். அப்படி ஆனால் இனி நாம் எழுதும் எந்த வரியையும் அவர் நம்ப மாட்டார். நான் அந்தத் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். டைப்பிஸ்ட் அக்கா மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கணவருக்கு ஆவடியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. என்னடா விஷயம் என்று கேட்டார். நான் முழுங்கி முழுங்கிச் சொன்னேன். ‘ஃபங்ஷன்’ என்று ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

அவர் உறையைப் பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார். “ஏன் தம்பி, நான் மட்டும் வானத்துல இருந்து நேரா டைப்ரைட்டர் முன்னால வந்து விழுந்தேனா? நானும் தெரியாத்தனமா ஒருநாள் பெரியவளாகி மூலையில உக்காந்தவதான். எங்க மாமா வர்றதுக்கு நேரமாச்சுன்னு அம்மா வாசலுக்கும் வீட்டுக்குமா நடந்தது இப்பவும் கண்ணுல நிக்கி. போ, போய்ச் சொல்லு. வெக்கப்பட்டா அந்த மனுசன் முறை போயிரும்.”

போனேன். அதிகாரி பையில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு திருத்தம் என்றேன். பேனா மேசையில் கிடந்தது, அதை எடுக்கவில்லை. அதுவே நல்ல சகுனம் இல்லை. என் இங்கிலீஷை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு பெண் ஓலைக் குடிசைக்குள் இருக்கிறாள், ஐயா, ஒரு வாரமாக இருக்கிறாள், இவர் போனால்தான் வெளியே விடுவார்கள் என்றேன்.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். யார் அடைத்து வைத்தது, வயது என்ன, போலீசுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் பதறிப்போய், அவளை உள்ளே வைத்தவரும் கன்னியப்பன்தான் என்றேன். அவர் கை டெலிஃபோன் பக்கம் போயிற்று.

நல்ல வேளையாக டைப்பிஸ்ட் அக்கா எனக்குப் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றிருந்தார். அவர் சொன்னது மூன்று வரிதான். ஒரு பெண் பெரியவளானால் எங்கள் ஊர்களில் செய்யும் சடங்கு இது, ஐயா. அவளுடைய அம்மாவின் சகோதரன் அதில் விருந்தாளி இல்லை. அதைச் செய்கிறவனே அவன்தான், அவன் இல்லாவிட்டால் அந்த வேலை நிற்கும், அல்லது வேறு யாராவது செய்து அவனைக் குடும்பத்திலிருந்து தள்ளிவிடுவார்கள்.

அதிகாரி உட்கார்ந்தார். சிரிப்பை அடக்குவதும் தெரிந்தது. யோசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: அவருடைய வேலை அங்கே எத்தனை மணிக்கு முடியும்?

எனக்குத் தெரியவில்லை. என் தங்கைகளின் சடங்கு இரண்டையும் பார்த்தவன் நான். ஆனால் யார் என்ன செய்தார்கள், எது முதலில், எது முடிந்தால் மாமன் கையைக் கழுவலாம் என்று கவனித்ததே இல்லை. ஓடினேன். உலையடியில் கன்னியப்பனிடம் கேட்டேன். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் ஓலையைப் பிரித்துப் பெண்ணை மணையில் உட்கார வைத்து மாலை போட்டுவிட்டால் தன் வேலை முடிந்தது, மிச்சமெல்லாம் சாப்பாடுதான் என்றார். திரும்ப ஓடி அதைச் சொன்னேன். அப்படியானால் காலையில் வந்து உலையை மூட்டிவிட்டுப் போகட்டும், இரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார் அதிகாரி. திரும்புவார் என்பதற்கு யார் பொறுப்பு என்றும் கேட்டார். நான் என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. சரி, அப்படியானால் நீயும் கூடப் போ என்று சொல்லி, சிவப்பு மைக்கு மேலேயே பச்சை மையில் ‘அரை நாள்’ என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கன்னியப்பன் உலையை மூட்டினார். ஆறரைக்குக் கிளம்பலாம் என்றிருந்தோம். துணையாள் கையில் ஒப்படைத்து, அவனுக்கு நாலு தரம் சொல்லி, அவன் தலையாட்டியதை நம்பாமல் ஐந்தாவது தரம் சொல்லி முடிக்க ஏழேகால். இரண்டு பஸ் மாறிப் பூந்தமல்லியில் இறங்கும்போது ஒன்பதரை. என் கையில் பழத்தட்டு, அவர் கையில் புடவையும் மாலையும் இருந்த பை. தங்கை வீட்டுக்கு மாங்காட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பஸ் இல்லை. ஒரு ஜட்கா கிடைத்தது. அந்தக் குதிரைக்கு எங்கள் அவசரம் தெரியவில்லை. வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

“இன்னாபா, உன் குதுரைக்கும் லீவு சாங்ஷன் ஆவலியா?” என்று கன்னியப்பன் வண்டிக்காரரைக் கேட்டார். கேட்ட குரல் சிரிப்பாக இருந்தது. ஆனால் அதற்குள் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

போய்ச் சேரும்போது பத்து மணி ஐந்து நிமிஷம். வாசலில் பந்தல், மேளம் அடித்து ஓய்ந்த ஆட்கள், நிழலில் பச்சை ஓலைக் குடிசை. அதன் வாசலில் நாத்தனார் நின்றிருந்தார். கையில் தட்டு, தட்டில் மடித்த புடவை. கன்னியப்பன் சொன்னது ஒரு சொல் மிகையில்லை. கன்னியப்பனின் தங்கை எங்களைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா வேறு ஏதாவதா என்று நான் பார்க்கவில்லை.

“வாங்கண்ணா, வாங்க” என்றார் நாத்தனார். “ராவுகாலம் ஒங்களுக்கோசரம் ரோட்டாண்ட நின்னுகினு கீதா, இல்ல கூடவே இட்டாந்துட்டீங்களா?”

“நெருப்பு பத்த வச்சிட்டு வந்தேன்மா, அதான் லேட்டு” என்றார் கன்னியப்பன். “இங்கயும் எரியுதுன்னு ஒரு சேதி சொல்லியிருந்தா மொதல்ல இங்க வந்துருப்பேன்.”

கூட்டம் சிரித்தது. ஆனால் வேலை ஆகவில்லை. பெரியவர் ஒருவர், கையெல்லாம் கரியாக இருக்கிறதே, இந்தக் கையாலா நல்ல காரியத்துக்கு ஓலையைத் தொடுவது என்றார். அதுவும் சரிதானே என்று நாத்தனார் பக்கத்தில் நாலு குரல் கேட்டது. கன்னியப்பன் தன் கைகளைப் பார்த்தார். உலைக் கரி ஒரு சோப்பில் போகிற கரியா? அப்போது குடிசைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“கை எப்பிடி இருந்தா இன்னா? ஒம்போது நாளா ஒரே எடத்துல குந்திகினு இடுப்பு ஒடியுது. மாமா, சீக்கிரம் பிரி மாமா.”

பெரியவர் வழி விட்டார். கன்னியப்பன் கிணற்றடியில் சீயக்காய்த்தூள் போட்டுக் கை கழுவினார். அவர் கொண்டுவந்த புடவை உள்ளே போனது. பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் சத்தம், குலவை, உள்ளே ஒரு சிரிப்பு. என் கையில் கடிகாரம். பத்து பதினைந்து. பத்து பதினெட்டு. மாமனை அழைத்தார்கள். கன்னியப்பன் குடிசையின் முகப்பில் தான் கட்டிய முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்து முதல் ஓலையை உருவினார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. அவர் வாங்கி வந்த பச்சைப் புடவையில் அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பெயர் மல்லிகா. மணையில் உட்கார வைத்து மாலை போட்டார். பத்து இருபத்தைந்து.

நான் மூச்சு விட்டேன். வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று அவர் பக்கம் நகர்ந்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு, ஓரமாகப் போய்த் தன் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“இன்னாமா, போய் குந்திகின? புள்ளைக்கு அத்தக்காரி ஆலம் சுத்தாம யாரு சுத்துவா? அத்த நான் சுத்த முடியுமா? மாமன் வேல முட்ஞ்சிச்சு. உன் வேலைய வந்து பாரு. அந்தப் பொடவையும் கொண்டாந்து மடியில வையி. சாயந்தரம் கட்டிக்கட்டும்.”

அந்த அம்மாள் எழுந்து வந்து புடவையை மல்லிகாவின் மடியில் வைத்தார். பிறகு ஆலத்தட்டை எடுத்தார். சுற்றும்போது உதடு ஏதோ முணுமுணுத்தது. திட்டா, வாழ்த்தா என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று தரம் நிதானமாகச் சுற்றிவிட்டு, மல்லிகாவின் கன்னத்தில் கைவைத்துத் தன் நெற்றியில் சொடுக்கு முறித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. ஓலை பிரிக்க ஒருவர், தண்ணீர் ஊற்றச் சிலர், ஆலம் சுற்ற ஒருவர். அந்த வேலைகளைச் சேர்த்துத்தான் சடங்கு என்று ஒரு சொல்லால் கூப்பிடுகிறோம். நான் எட்டு மாதமாக அந்தக் கூப்பிடும் சொல்லை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன், வேலைகளை விட்டுவிட்டேன்.

இலை போட்டார்கள். தங்கை அண்ணனைச் சாப்பிடாமல் விடுவதாக இல்லை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

“இந்தத் தம்பி யாரு? வாரண்டோட வந்தா மாறி நின்னுகினு கீது?”

“எங்க ஆபீசு. இவுருதான் எனக்கு ஜாமீன்” என்றார் கன்னியப்பன், வடையைக் கடித்தபடி.

அன்று முழுக்க எனக்கு அந்தப் பெயர்தான். ஜாமீன்தாருக்கு இன்னும் பாயசம் ஊற்று என்றார்கள். பதினொன்றரைக்குத்தான் அவரை இலையிலிருந்து எழுப்ப முடிந்தது. ரோட்டுக்கு வந்ததும் பாடிக்குப் போகும் செங்கல் லாரி ஒன்று கிடைத்தது. கல்லின் மேல் உட்கார்ந்து வந்தோம். கேட்டுக்குள் நுழையும்போது ஒன்று நாற்பது. கன்னியப்பன் சட்டை மாற்றிக்கொண்டார், நெற்றிச் சந்தனத்தைத் துடைக்க நேரமில்லை. அப்படியே உலைக்கு முன்னால் போய் நின்று, எட்டிப் பார்த்து, துணையாளை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, இன்னும் பத்து நிமிஷம் என்றார். ஊற்று நன்றாகவே முடிந்தது.

அதிகாரி அன்று உலையடிக்கே வந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் கன்னியப்பனிடம் போய்த் தன் மூன்று தமிழ் வாக்கியங்களில் ஒன்றைச் சொன்னார்: “சாப்பாடு ஆச்சா?” அவர் கேட்க நினைத்தது அதை இல்லை. கன்னியப்பனுக்கு அது புரிந்தது. “ஆச்சு சார். புள்ளையும் வெளிய வந்துடுச்சு சார்” என்றார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நான் அவரிடம் கேட்டு விடுப்புப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன். நீங்கள் இப்போது பார்க்கிறீர்களே, காரணத்துக்குக் கீழே ‘அங்கே உங்கள் வேலை என்ன?’ என்று, அந்த வரிதான். விதிப் புத்தகத்தில் அது இல்லை. யாராவது ஆடிட்டில் கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அந்த வரி வந்தபிறகு சடங்குகளின் பெயர்களை மொழிபெயர்க்கும் தொல்லையே எனக்கு இல்லாமல் போயிற்று. ‘மொட்டையடிக்கும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.’ ‘தங்கை புருஷனுக்கு மோதிரம் போட வேண்டும்.’ ‘கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும்.’ ‘பந்தக்காலுக்கு நவதானியம் கட்ட வேண்டும்.’ இப்படி எழுதினால் எந்த ஊர் அதிகாரிக்கும் விளங்கும். யாரை விடலாம், யாரைக் கட்டாயம் அனுப்ப வேண்டும், யாரை மதியத்துக்குத் திரும்ப வரச் சொல்லலாம் என்பதும் விளங்கும். வேலை நெருக்கடியில் பத்துக் கடிதங்கள் வந்தால் பெயரைப் பார்த்துத் தரம் பிரிக்காதீர்கள். கல்யாணம் பெரிது, காதுகுத்து சிறிது என்று நினைக்காதீர்கள். பெரிய கல்யாணத்தில் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வருபவரும் உண்டு. சின்னக் காதுகுத்தில் இவர் மடி இல்லாமல் ஊசி எடுக்காத வீடும் உண்டு. தெரியாத சொல் வந்தால் வெட்கப்படாமல் ஜன்னலுக்கு வெளியே நிற்பவரிடமே கேளுங்கள். தெரிந்த சொல் வந்தால் அதைவிட அதிகமாகக் கேளுங்கள். நான் தடுக்கி விழுந்தது தெரிந்த சொல்லில்தான்.

ஒருவர் மட்டும் அந்த வரியில் ‘சாப்பிட வேண்டும், வேறு வேலை இல்லை’ என்று எழுதினார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டு அரை நாள் கொடுத்தார். உண்மை எழுதியதற்கு.

போன வாரம் கன்னியப்பன் மறுபடி ஒரு கடிதம் கொடுத்தார். மல்லிகாவுக்குக் கல்யாணம். நான் கடைசியாக அனுப்பிவைத்த கடிதங்களில் அதுவும் ஒன்று, கோப்பில் மேலாகவே இருக்கும், பார்க்கலாம். அவர்கள் குடும்பத்தில் மணப்பெண்ணை மேடைக்கு மாமன்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம். வேலை என்ன என்ற இடத்தில் அவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்:

‘பெண்ணைத் தூக்க வேண்டும். அவள் அத்தை ஆக்கிப் போட்ட சாப்பாட்டில் இப்போது நல்ல வெயிட். தூக்க ஒரு நாள், இடுப்புக்கு ஒரு நாள், ஆக இரண்டு நாள் வேண்டும்.’

இரண்டு நாளும் சாங்ஷன் ஆகிவிட்டது.